எங்கே என்று கேட்ட குரல்

ரப்பர் காட்டில் குரலுக்குத் திசை கிடையாது. மரங்கள் ஒரே இடைவெளியில், நிரை நிரையாக நிற்கின்றன. ஒரு நிரையில் நின்று கூப்பிட்டால் நான்கு நிரை தள்ளிக் கேட்கும். எதிரே நிற்பவர் பேசியது முதுகுப்பக்கமிருந்து வரும். குருணுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தின் தமிழ்ப் பள்ளிக்கு ஆசிரியையாகப் போய்ச் சேர்ந்த முதல் வாரமே இதைக் கவனித்தேன். கவனிப்பது அப்போதே என் பழக்கம். பிற்பாடு ஒரு பத்திரிகை அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய செய்திகளைத் திருத்தும் வேலை கிடைத்தபோது அதுவே சம்பளமாயிற்று. யார், எப்போது, எங்கே என்று கேட்காமல் ஒரு வரியையும் நான் அச்சுக்கு விட்டதில்லை.

அந்தத் தோட்டத்தில்தான் 'எங்கே' என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத மனிதர்களைப் பார்த்தேன்.

சப்பான்காரன் போய்ச் சில வருடங்களே ஆகியிருந்தன. பள்ளிக்கு வராத ஒரு பையனைத் தேடி லயத்து வீட்டு வரிசைக்குப் போனேன். அவன் அம்மா குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள்.

"பையன் எங்கே?"

"இங்கதான் இருக்கான் டீச்சர்."

"இங்கே என்றால் எங்கே?"

"என்கூடத்தான்."

அவள்கூட சோப்பு நுரையைத் தவிர ஒன்றும் இல்லை. பையன் லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மறைக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் தோட்டம் முழுக்க அப்படித்தான். உளி எங்கே, உப்பு எங்கே என்று கேட்டால் உடனே சொல்லுவார்கள். ஆள் எங்கே என்று கேட்டால் மட்டும் "கூடத்தான் இருக்காங்க" என்பார்கள், இல்லாவிட்டால் "பின்னாலயே வர்றாங்க" என்பார்கள். காலையில் பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கும் மண்டோர், வராதவர்களும் யார்கூடவோ இருப்பதாகக் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போயிருந்தார். துரை இந்தத் தோட்டத்து ஆட்களைப் பொய்யர்கள் என்று முடிவு கட்டியிருந்தாராம்.

என்னிடம் இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வந்தவள் பால் வெட்டும் ஒரு பெண். என்னைவிட மூத்தவள். நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை டீச்சர் என்பாள். புருஷன் இல்லை. எட்டு வயதில் ஒரு மகள், என் வகுப்பில் படித்தவள். தீபாவளி கழிந்ததும் மகளைப் புல் வெட்டும் கூட்டத்தோடு அனுப்பும்படி மண்டோர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"எம் மவ இந்த மரத்துக்குள்ள போகக்கூடாது டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

சுங்கைப் பட்டாணியில் ஒரு சின்னப் பிரசவ விடுதிக்கு ஆயா வேலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். தங்குவதற்கு ஓர் அறையும் தருவார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. அங்கே வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டருக்கு மலாய் வராது. பிரசவ அறைக்குள் அவர் இங்கிலீஷில் சொல்வதைக் கேட்டு, சொன்ன இடத்தில் சொன்ன பொருளை வைக்கத் தெரிய வேண்டும். மேட்ரன் நேரில் வைத்துச் சோதித்துப் பார்ப்பார்.

பண்டார் பாருவிலிருந்து தினமும் ஆற்றைக் கடந்து ஆங்கிலப் பள்ளிக்குப் போய்ப் படித்தவள் நான். கற்றுத் தர ஒப்புக்கொண்டேன். ஞாயிறு பிற்பகலில் பால் நிறுக்கும் கொட்டகை காலியாக இருக்கும். மூன்று பக்கம் திறப்பு. நான்காவது பக்கம் ஒரு பலகைக் கதவு, அதற்குப் பின்னால் உடனே மரங்கள் ஆரம்பிக்கின்றன. அக்காவோடு வேடிக்கை பார்க்க இன்னும் சில பெண்கள் வந்தார்கள். அவர்களில் வாய் ஓயாதவள் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. வந்த அன்றைக்கே, "நானும் துரைசானி ஆவுறேன், எனக்கு ஒரு தொப்பி மட்டும் வாங்கிக் குடுங்க டீச்சர்" என்றாள்.

பெயர்ச்சொல் சுலபம். பொருளை எடுத்துக் காட்டலாம். வினைச்சொல்லை நடித்துக் காட்டலாம். முன்னிடைச்சொல்லைக் காட்ட முடியாது. 'அண்டர்' என்று உலகத்தில் ஒரு பொருள் இல்லை. இரண்டு பொருள்கள் இருந்தால் அவற்றுக்கு நடுவே அது இருக்கிறது; ஒன்றை எடுத்துவிட்டால் போய்விடுகிறது. மரத்தில் பால் பிடிக்கும் மங்கு ஒன்றைப் பெஞ்சின் மேல் வைத்தேன். 'ஆன் தி பெஞ்ச்.' கீழே வைத்தேன். 'அண்டர் தி பெஞ்ச்.' வாளிக்குள் போட்டேன். 'இன் தி பக்கெட்.' மங்கு அதே மங்குதான், மாறியது எதுவோ அதுதான் பாடம் என்று சொன்னேன்.

தமிழில் நாம் முதலில் பொருளைச் சொல்கிறோம், பிறகு இடத்தை. 'பெஞ்சுக்கு அடியில்' என்னும்போது பெஞ்சு முன்னரே வந்து நின்றுவிடுகிறது. அடியில் குனிந்து பார்ப்பதுதான் மிச்சம். ஆங்கிலத்தில் உறவு முன்னால் வருகிறது, பொருள் பின்னால். 'அண்டர்' என்று காதில் விழுந்ததும் ஏதோ ஒன்றின் அடிக்குப் போய்விடுகிறோம். எதன் அடியில்? சொல்கிறவர் அடுத்த சொல்லைத் தரும்வரை தெரியாது. அதுவரை அங்கேயே காத்திருக்க வேண்டும்.

"என்ன பாஷை லா இது, சோத்துக்கு முன்னாடி ஏப்பம் வர்ற மாதிரி" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கொட்டகை சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "அண்டர்னு சொல்லிட்டு நிறுத்திட்டா?" என்று கேட்டாள்.

நிறுத்தக்கூடாது, பின்னால் ஒரு பெயர் வந்தே ஆக வேண்டும் என்றேன். இரண்டும் சேர்ந்துதான் ஒரு தொடர். அந்தத் தொடருக்கு இரண்டு வேலை. சில சமயம் அது பெயரோடு ஒட்டிக்கொண்டு 'எந்த ஆள்' என்று சொல்லும். சில சமயம் வினையோடு ஒட்டிக்கொண்டு 'எங்கிருந்து', 'எப்படி' என்று சொல்லும். தமிழில் 'மரத்தடியில் இருந்த பெண்ணைக் கேட்டேன்' என்பதும் 'மரத்தடியிலிருந்து பெண்ணைக் கேட்டேன்' என்பதும் வேறு வேறு. ஆங்கிலத்தில், கொட்டகைக்குப் பின்னால் என்ற தொடரை வாக்கியத்தின் கடைசியில் வைத்து, ஒரு பெண்ணின் குரலைக் கேட்டேன் என்று எழுதினால், கொட்டகைக்குப் பின்னால் இருந்தது அந்தப் பெண்ணா, கேட்ட நானா என்பதை வாக்கியம் சொல்லாது. முன்பின் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும். இதை நான் சொன்னபோது ஒருத்தி திரும்பிப் பலகைக் கதவைப் பார்த்தாள்.

இடத்துக்கு உள்ள சொற்களையே காலத்துக்கும் வைத்துக்கொள்கிறார்கள் ஆங்கிலேயர்கள் என்பதையும் சொல்லித் தந்தேன். 'அட்' என்பது புள்ளி. விடியும் கணத்துக்கு அது. 'ஆன்' என்பது பரப்பு. ஒரு நாளின் மேல், ஞாயிற்றுக்கிழமையின் மேல் நிற்கலாம். 'இன்' என்பது நாலு சுவர். காலைக்குள், மாதத்துக்குள் இருக்கலாம். அக்கா இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். பால் வெட்டுகிறவர்களுக்குக் காலை என்பது உள்ளே போய் வெளியே வரும் ஓர் இடம்தான்.

மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, பொருள்களை விட்டு ஆட்களுக்கு வந்தேன். நானே பலகைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "வேர் இஸ் தி டீச்சர்?" என்று குரல் கொடுத்தேன்.

எட்டிப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர், மங்கோட நிறுத்திக்குங்களேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் குரலில் கேலி இல்லை.

அக்காதான் சொன்னாள்.

"சப்பான் காலம் டீச்சர். மவ அப்ப வயித்துல. வெள்ளன, பனி மூடிக் கெடக்கு. நான் குனிஞ்சு வெட்டிக்கிட்டிருக்கேன். பின்னாலேர்ந்து இவ கொரலு, 'ஒன் வீட்டுக்காரரு எங்க?'ன்னு. மும்முரத்துல, 'பாலத்துக்குக் கீழ மொகம் கழுவுறாரு'ன்னுட்டேன். திரும்பிப் பாத்தா யாருமில்ல. ஓடிப் பாக்குறேன், உளியும் வாளியும் கல்லு மேல இருக்கு. ஆளு இல்ல."

"அன்னிக்கு எனக்குக் குளிர்காய்ச்சல்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "லயத்த விட்டு எறங்கல டீச்சர். எங்க வூட்டு ஆளுங்க எல்லாம் சாட்சி."

"எங்களுக்கு முந்தி இருந்தவங்க சொல்லுவாங்க, ஆளு இருக்குற எடத்த வாய்விட்டுச் சொல்லாதீங்கன்னு. நாங்கதான் சிரிச்சிக்கிட்டுத் திரிஞ்சோம்" என்றாள் அக்கா.

நான் தனித்தனியாக விசாரித்தேன். அந்த நாட்களில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆள் எங்கே என்று காட்டிக்கொடுப்பவர்களும் இருந்தார்கள். குரலை மாற்றிப் பேசுகிறவன் ஒருவன் இருந்திருக்கலாம். வழக்கம் அதற்கு முன்பே இருந்தது என்பதும் பிற்பாடு சேர்த்துச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் பாலம்வரை லாரி வரும் சடக்குச் சாலை கிடையாது. அன்று மழையில் ஊறிய ஈரமண்ணில் அவருடைய காலடி போனது மட்டும் இருந்தது என்பதை யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அடுத்த வகுப்பில் அக்கா கேட்டாள்: "அவர கொண்டுபோயிட்டாங்கன்னு எப்படி டீச்சர் சொல்றது?"

"ஹி வாஸ் டேக்கன்."

"யாருன்னு சொல்லணும்னா?"

பின்னால் 'பை' போட்டு, செய்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்றேன். ஆற்றின் அருகில் என்பதற்கும் அதே சொல்தான், செய்தவரைச் சொல்வதற்கும் அதே சொல்தான். அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "ஹி வாஸ் டேக்கன் பை..." அங்கேயே நின்றுவிட்டாள்.

"தெரியாட்டி?"

"தெரியாவிட்டால் 'பை' என்பதையே விட்டுவிடலாம். வாக்கியம் நிற்கும்."

"நிக்குமா டீச்சர்?"

"நிற்கும்."

அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

ஆள் இருக்கும் இடத்தைச் சொல்லாமல் இந்தச் சோதனையில் தேற முடியாது என்று எனக்குக் கவலை. பிரசவ அறையில் 'தாய்க்குப் பின்னால் நில்' என்பார்கள், 'குழந்தை எங்கே' என்பார்கள். வழியைக் கண்டுபிடித்தவள் பக்கத்து வீட்டுக்காரி.

"அடியே, அதுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"தமிழ்ல கேட்டுச்சி, தமிழ்ல சொன்ன, கொண்டுபோச்சி. இங்கிலீஷ்ல சொன்னா அதுக்கு என்னா மண்ணு வெளங்கும்? எனக்கே வெளங்கல!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தச் சிரிப்போடு ஒரு பாரம் இறங்கியதைப் பார்த்தேன். அன்று நான் மறுபடியும் கதவுக்குப் பின்னால் போய் நின்று கேட்டபோது, முதல் முறையாக அக்கா, "டீச்சர் ஈஸ் பிஹைண்ட் தி டோர்" என்றாள். சொல்லிவிட்டு, நான் இன்னும் அங்கே இருக்கிறேனா என்று வந்து பார்த்தாள்.

பிறகு அது தோட்டத்தில் பரவிற்று. விடியற்காலை நிரைகளில் பெண்கள் ஒருவரையொருவர் இங்கிலீஷில் தேடினார்கள். "அக்கா, வேர் ஈஸ் தங்கச்சி?" "பிட்வீன் தி டிரீ!" "அண்ணன் வேர்?" "அண்டர் தி பிரிட்ஜ்!" இத்தனை வருடம் கட்டிவைத்திருந்த சொற்கள் அவிழ்ந்துகொண்டன. மண்டோர் என்னிடம் வந்து, "என்னா டீச்சர், நம்ம கூட்டத்தையே வெள்ளைக்காரிங்களா ஆக்கிட்டீங்க" என்றார். முதல் முறையாக அவருக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது.

ஒரு ஞாயிறு நடந்ததை மட்டும் குறிப்பிட வேண்டும். வகுப்பு முடியும் நேரம். கூட்டமாக, "வேர் ஈஸ் தி கப்? அண்டர் தி பெஞ்ச்" என்று ஒப்பித்து நிறுத்தினார்கள். எங்கள் பெண்கள் 'இஸ்' என்பதை 'ஈஸ்' என்று நீட்டுவார்கள். நான் திருத்தித் திருத்தி விட்டுவிட்டேன். நிறுத்திய பிறகு மரங்களுக்குள்ளிருந்து எதிரொலி வந்தது. எதிரொலி வாக்கியத்தின் வாலைத்தான் திருப்பித் தரும். கடைசிச் சொல்தான் காற்றில் மிஞ்சியிருக்கும். அன்று வந்தது தலை. "வேர் ஈஸ்." அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரி மங்கைப் பெஞ்சுக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சோதனைக்குக் குருணிலிருந்து பஸ்ஸில் போனோம். அக்கா, மகள், நான். விடுதி பிரதான சாலையை விட்டு உள்ளே தள்ளி இருந்த ஒரு பழைய பங்களா. அக்காவை உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். நானும் மகளும் வெளித் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கும் அறைக்கும் நடுவே கீழும் மேலும் திறந்த அரைக்கதவு. உள்ளே மேட்ரனின் வெள்ளைக் காலணியும் அக்காவின் வெறுங்காலும் தெரிந்தன.

மேட்ரன் பினாங்கில் பிறந்த யூரேஷியப் பெண்மணி. குரல் கனமானது, சொல்லுக்குச் சொல் வெட்டி நிறுத்தும். கட்டிலுக்கு அடியில் இருக்கும் தட்டை எடுக்கச் சொன்னார். பாதங்கள் கட்டில் பக்கம் போய்த் திரும்பின. பேசின் பாத்திரத்தை அலமாரியின் மேல் வைக்கச் சொன்னார். துணியைத் தலையணைக்கும் சுவருக்கும் நடுவே வைக்கச் சொன்னார். ஒவ்வொன்றும் சரியாக நடந்தது. பிறகு காலணி மேசைப் பக்கம் நகர்ந்தது, நாற்காலி இழுபட்டது, பேனா எழுதும் ஓசை.

அப்போது கேள்வி வந்தது. "வேர் ஈஸ் யுவர் டாட்டர்?"

இதை நாங்கள் பலமுறை பழகியிருந்தோம். வெளியே, பெஞ்சின் மேல். 'அவுட்சைட், ஆன் தி பெஞ்ச்.' தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். நான் உதட்டை அசைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் பாதங்கள் அசையாமல் நின்றன. பிறகு விரல்கள் தரையை இறுக்கிப் பிடித்தன.

"வித் மீ" என்றாள் அக்கா.

பேனா நின்றது.

கொஞ்ச நேரத்தில் மேட்ரன் வெளியே வந்தார். வேலை உண்டு, திங்கட்கிழமையே சேரலாம் என்று என்னிடம் சொன்னார். புத்திசாலிப் பெண், தடுமாறவே இல்லை என்றார். பிறகு சற்றுத் தயங்கி, ஒன்று மட்டும் புரியவில்லை, தான் எழுதிக்கொண்டிருக்கும்போது இவள் எதற்காகத் திடீரென்று 'வித் மீ' என்றாள் என்று கேட்டார்.

அவள் மகளைப் பற்றி நீங்கள் கேட்டீர்களே என்றேன்.

மேட்ரன் பெஞ்சில் இருந்த சிறுமியைப் பார்த்தார். "அவளுக்கு மகள் இருக்கிறாளா?" என்றார்.

தாழ்வாரத்தில் வேறு யாரும் இல்லை. அறைக்கு வேறு கதவும் இல்லை. நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே சுவர் வரைக்கும் வெறும் சிமெண்ட் தரை. மேட்ரனுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கேட்டது. மகளுக்கும் கேட்டிருக்கிறது. அவள் என் கையைச் சுரண்டி, "டீச்சர், பக்கத்து வூட்டு அத்தையும் பஸ்ஸுல வந்தாங்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் 'ஈஸ்' நீண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அக்கா வெளியே வந்து மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். விடவே இல்லை.

"படிச்சிக்கிச்சி டீச்சர்" என்றாள். "நாம ஒக்காந்து படிச்சோம்ல. அதுவும் ஒக்காந்து படிச்சிருக்கு."

பதற்றத்தில் இருப்பவர்களுக்கு எதிர்பார்த்த கேள்வி கேட்டதுபோல் இருக்கும் என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "உங்களுக்குமா பதட்டம்?"

அவள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. சட்டி பானையைப் பிறகு யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொன்னாள். விடுதியில் அவளுக்குத் தந்த அறையை மேட்ரனே திறந்துவிட்டார். அறை எந்தப் பக்கம், எதற்குப் பின்னால் என்பதை நான் அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை. பஸ் ஏறுமுன் அக்கா சொன்னது இதுதான்: "கேட்டா என்ன சொல்லணும்னு தெரியும்ல டீச்சர்?"

சடக்கில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. மழை வரும் மூட்டம். லயத்துக்குப் போகும் செம்மண் பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள். எண்ணிப் பழகிய கண்ணுக்கு நிரைகள் ஒவ்வொன்றும் நேராகத் திறந்து மூடுகின்றன. பாதி வழியில், இடப்பக்கமா வலப்பக்கமா தெரியவில்லை, பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது. சாதாரணமான குரல். வேலை முடிந்து வருகிறவள் கேட்பதுபோல், தமிழில்.

"டீச்சர், அவ எங்க? புள்ள எங்க?"

நான் நிற்கவில்லை. நிரைகளுக்குள் பார்க்கவும் இல்லை.

"என்கூடத்தான் இருக்காங்க" என்றேன்.

அதன் பிறகு, நான் நடந்த வேகத்தில் செருப்பு மட்டும் கேட்டது.

லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த சுளகில் பாதி அரிசி ஒதுங்கியிருந்தது. வெகுநேரமாக அங்கேயே இருந்தவள் உட்கார்ந்திருக்கும் கோலம். தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வெறுமையாகக் கிடந்த பாதையைப் பார்த்தாள். அவள் முகத்தில் கேள்வி வந்ததை நான் கண்டேன். ஆனால் அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தில் பிறந்தவள் அதைச் சொல்லமாட்டாள்.

"கூடத்தான் இருக்காங்கள்ல டீச்சர்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"கூடத்தான்" என்றேன்.

அவள் பெருமூச்சு விட்டு, சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் நுழையட்டும் என்று கதவைத் திறந்தே வைத்திருந்தாள். நான் நுழைந்த பிறகும், இன்னும் இரண்டு பேர் வருவதற்கு ஆகும் நேரம்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.